பாதித் தேத்தண்ணிக்குள் சோர்ந்த என்ஜின்

என் மனைவியின் அண்ணன் விமானம் கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "கட்டப்போறது அவரு. ஒங்களுக்கு ஏன் நெஞ்ச அடைக்குது?" என்று மனைவி கேட்டாள். அடைக்கத்தான் செய்தது. நான் அப்படிப்பட்ட ஆள். கராஜைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினால் பாதி வழியில் இறங்கி, திரும்ப நடந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். நுவரெலியாவிலிருந்து ராகலைக்கு வரும் பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். நான் டிரைவரின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் பிரேக் மிதிக்க வேண்டிய இடத்திலெல்லாம் நானும் மிதிப்பேன். வீடு வந்து சேரும்போது எனக்கு வலது கால் வலிக்கும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்துவிட்டது. ராகலை பஜாரில் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறேன். பயந்த மெக்கானிக் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரால் எனக்கு நட்டம் வந்ததில்லை. இறுக்கிய நட்டை மறுபடியும் இறுக்கிப் பார்ப்பவனிடம் வண்டி கொடுக்கத்தான் எல்லோருக்கும் பிடிக்கும்.

மச்சான் வேறு மாதிரி. என்னைவிட மூத்தவர். வளைகுடா நாடொன்றில் சின்ன விமானங்கள் வைத்திருந்த ஒரு கழகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, விமானம் கழுவி, பிறகு திருத்த உதவி, கடைசியில் ஓட்டவும் படித்து லைசன்ஸோடு ஊருக்கு வந்தவர். வந்தவர் வீடு கட்டுவார், கடை போடுவார் என்று சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். அவரோ அலுமினியக் குழாய்களையும், இறக்கைக்குப் போர்த்தும் துணியையும், பெட்டிக்குள் இரண்டு சிலிண்டர் என்ஜின் ஒன்றையும் இறக்கினார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையாக இருந்து, கைவிட்டுப்போன பழைய மடுவம் ஒன்று உண்டு. தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு அதை வாங்கிக்கொண்டார். தராசு தொங்கிய கொக்கியில் என்ஜின் தொங்கியது. பக்கத்தில் மேடும் பள்ளமும் இல்லாத நீளமான புல்வெளி. எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் இடம் கிடைப்பது அபூர்வம்.

"மாப்ள, என்ஜின் ஒங்க பொறுப்பு," என்றார் என்னிடம்.

"ஐயோ மச்சான், நான் ஆட்டோக்காரன்."

"இதுவும் பெட்ரோல் குடிக்கிற சாமான்தானே? ஆட்டோவுக்கு சக்கரம் கீழ சுத்துது, இதுக்கு விசிறி முன்னால சுத்துது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆட்டோ நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம்.

என் மனைவிதான் இதற்கு ஒரு சட்டம் போட்டாள். மடுவத்து வாசலில் நின்றுகொண்டு, அண்ணனின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "எம் மேல சத்தியம் பண்ணுங்கண்ணே. இவரு 'சரி'ன்னு சொல்ற வரைக்கும் நீங்க இதுல ஏறி மேல போகக்கூடாது."

மச்சான் சிரித்துவிட்டார். "இவரா? இவரு கரண்ட் பல்பையே பயந்துக்கிட்டுப் போடுற ஆளு."

"அதுக்குத்தான் சொல்றேன். இந்த பயந்தாங்கொள்ளி சரின்னா, அது நெசமாவே சரியாத்தான் இருக்கும்."

மச்சான் சத்தியம் செய்தார். தங்கை தலையில் கைவைத்துச் சொன்னதை மீறுகிற ஆளில்லை அவர். இருபது வருட ஆசை என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டது. எனக்கு இன்னொரு கவலையும் வந்து சேர்ந்தது.

ஆயுத பூசை அன்று முதல்முதலாக என்ஜினை ஓட்டினோம். மனைவி தட்டோடு வந்தாள். சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். விசிறிக்கு, கம்பிகளுக்கு, ஸ்பேனருக்கு, என் சுத்தியலுக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வாலைக் கயிறு போட்டு டர்பன்டைன் மரத்தில் கட்டினோம். மச்சான் ஆசனத்தில் உட்கார்ந்தார். நான் என்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். அது பிடித்ததும் மடுவத்துத் தகரமெல்லாம் நடுங்கியது, மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கூவினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மனைவி எல்லோருக்கும் டின்பால் ஊற்றிய தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். நான் பாதி குடித்திருப்பேன். முழு வேகத்தில் அலறிக்கொண்டிருந்த என்ஜின், மேட்டில் ஏறும் கிழட்டு லொறி மாதிரி மூச்சு வாங்கியது. சத்தம் தாழ்ந்தது, விக்கியது. மச்சான் அணைத்தார்.

நான் ஓடிப்போய் முதலில் செய்தது பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தது. இது எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். பெட்ரோலுக்கு வரிசையில் நாள்கணக்காக வண்டி போட்டுக் காத்துக்கிடந்த காலத்தில் வந்தது. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால்கூட யாராவது குழாய் போட்டு உறிஞ்சிவிடுவார்களோ என்று நிறுத்தியதும் திறந்து பார்ப்பேன், கிளப்பும் முன்னும் திறந்து பார்ப்பேன். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. டேங்க் ஆசனத்துக்குப் பின்னால், இறக்கைக்குக் கீழே உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பெட்ரோல் தானாக இறங்கி என்ஜினுக்குப் போக வேண்டும். பம்ப் கிடையாது.

"இருக்கா?" என்றார் மச்சான்.

"நெறைய இருக்கு."

மறுபடி இழுத்தோம். ஒன்றுமே நடக்காதது போல முழு வேகத்தில் ஓடியது. கொஞ்ச நேரம்தான். அடுத்த தேத்தண்ணியும் பாதியில் இருக்கும்போது மறுபடி சோர்ந்தது.

அன்றிலிருந்து எங்கள் கணக்கு அதுதான். கைக்கடிகாரம் தேவைப்படவில்லை. ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கையில் கொடுத்து என்ஜினைக் கிளப்பினால், பாதிக் கோப்பையில் அது படுத்துவிடும்.

முதலில் உயரத்தைக் குற்றம் சொன்னோம். எங்கள் மலையில் காற்று மெல்லியது, பெட்ரோல் கூடுதலாகக் கலக்கும் என்று மச்சான் சொன்னார். கார்புரேட்டரில் சின்னத் துளையுள்ள ஜெட் மாற்றினேன். புகை குறைந்தது, சோர்வு குறையவில்லை. மலையின் உயரம் தேத்தண்ணி பாதியாகும்போது மட்டுமா கூடும் என்று நான் கேட்டதற்கு, "கேள்வி கேக்கிறதுக்கு மட்டும் பயமே இல்ல," என்றார்.

பிறகு பெட்ரோலில் தண்ணீர் என்று நினைத்தோம். வடித்துப் போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. பில்டர் மாற்றினேன், ஹோஸை ஊதிப் பார்த்தேன், பிளக்கைப் புதிதாகப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் என்ஜின் கிளம்பியதும், "இந்தா சரியாயிருச்சு!" என்று மச்சான் கை தட்டுவார். நானும் கொஞ்சம் நம்புவேன். கோப்பை பாதியாகும். இரண்டு பேரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

மழைக்காலம் வந்தது. மடுவத்துக்கு முன்னால் நிற்கிற விமானத்தின் வால் தெரியாத அளவுக்கு மூடுபனி. மச்சானுக்குப் புது யோசனை. "கண்டுபிடிச்சிட்டேன் மாப்ள. ஐஸ். இந்த ஈரக் காத்த உள்ள இழுக்கையில கார்புரேட்டருக்குள்ள பனி கட்டுது. கொஞ்சங் கொஞ்சமா அடைச்சு மூச்ச நிறுத்துது. நின்னதும் என்ஜின் சூட்டுல கரைஞ்சிருது. அதான் திரும்ப ஓடுது!"

எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. பால்மா டின்னை வெட்டி, சைலன்சரைச் சுற்றிப் போட்டு, அந்தச் சூட்டுக் காற்றை ஒரு குழாயில் கார்புரேட்டருக்குக் கொண்டுவந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த அழகான வேலைகளில் அது ஒன்று. இப்போதும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நோய்க்கு அது மருந்தில்லை.

என் மனைவியோ வேறு காரணம் வைத்திருந்தாள். "கண்ணு பட்டிருக்கு. மலை முழுக்க நின்னு பாக்குதுங்களே." ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலிலிருந்து வரும் வழியில் மடுவத்துக்கு வந்து, பழைய பொட்டு இருந்த இடங்களில் எல்லாம் புதுப் பொட்டு வைத்துவிட்டுப் போனாள். என்ஜின் அதிகம் சோர்ந்த வாரம் சந்தனமும் அதிகம். நான் வாரம் தவறாமல் விமானத்தைத் துடைப்பேன். எண்ணெய், புழுதி, பூச்சி எல்லாவற்றையும் துடைப்பேன். பொட்டை மட்டும் விட்டு, அதைச் சுற்றித்தான் துடைப்பேன். வைத்த பொட்டைத் துணியால் அழிக்க யாருக்குக் கை வரும்? அது தானாக உதிர வேண்டும்.

தை பிறந்தது. மூடுபனி விலகி, கண் கூசும் வெயில். தேயிலை எல்லாம் பளபளத்தது. பொங்கலுக்குப் பிறகு ஒரு காய்ந்த பகலில் ஓட்டினோம். பாதிக் கோப்பையில் படுத்தது. பனிக்கட்டிக் கதையும் அதோடு முடிந்தது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. விமானத்தைப் பார்த்து அனுமதி கொடுக்கும் அதிகாரி அடுத்த வாரம் வருகிறார். என்ஜின் இடைவிடாமல் ஓடிக்காட்ட வேண்டும். ஓடாவிட்டால் அனுமதி இல்லை, திரும்ப எப்போது வருவாரோ தெரியாது. மச்சான் முதல் தடவையாகக் கத்தாமல் வீட்டுக்குப் போனார். எனக்கு அது பழகவில்லை. அவர் கத்தினால்தான் எனக்குப் பயம் குறையும்.

அடுத்த நாள் அவர் தீர்மானத்தோடு வந்தார். "மாப்ள, எல்லாத்தையும் மாத்திட்டோம். மாறாதது ஒண்ணே ஒண்ணு. நீங்க. ஓடுறதுக்கு முன்னயும் பின்னயும் அந்த மூடியத் தொறந்து தொறந்து பாக்கிறீங்க. அதுல தூசி போகுது, பனித்தண்ணி போகுது. இன்னைக்கு நீங்க மூடியத் தொட்டா கையக் கட்டிப் போட்டுருவேன்."

"பெட்ரோல் இருக்கான்னு..."

"நான் ஊத்தினேன். இருக்கு. ஒக்காருங்க."

பழைய கொழுந்துக் கூடை ஒன்றைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்ஜின் கிளம்பியது. அலறியது. பாதிக் கோப்பையில் சோர்ந்தது. மச்சான் அணைத்தார். நான் எழுந்தேன்.

"ஒக்காருங்க மாப்ள!"

உட்கார்ந்தேன். அவரே இறங்கிக் கயிற்றை இழுத்தார். வழக்கமாக இந்த இரண்டாவது ஓட்டம் புதுசு மாதிரிப் போகும். அன்று கிளம்பியது, வேகம் கூட்டியதும் படுத்தது. மறுபடி இழுத்தார். முக்கியது, படுத்தது. மறுபடி. ஒரு மிடறு நேரம்கூட ஓடவில்லை.

மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். "மோசமாயிருச்சு. இன்னும் மோசமாயிருச்சு."

கவலைப்படுகிறவனுக்கு ஒரு குணம் உண்டு. தான் செய்யாமல் விட்டது அவனைக் குடையும். பூட்டை இழுத்துப் பார்க்காத நாள் முழுக்க அந்தப் பூட்டுத்தான் ஞாபகம். அந்தக் கூடையில் உட்கார்ந்து எனக்கு அப்படித்தான் குடைந்தது. எல்லா நாளும் என்ஜின் திரும்ப ஓடியது, இன்றைக்கு ஓடவில்லை. எல்லா நாளும் நான் மூடியைத் திறந்தேன், இன்றைக்குத் திறக்கவில்லை.

எழுந்து போய் மூடியைத் திருகினேன். மச்சான் "ஏய்!" என்று கத்தினார். அவர் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது: 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீளமான சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அலுமினியத் தகடு 'டொக்' என்று நிமிர்ந்தது. இதற்கு முன்பு எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் காதில் என்ஜின் சத்தத்தின் இரைச்சல் மிச்சம் இருந்திருக்கும். பார்வையோ பெட்ரோல் மேல்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் நடுவில், ஆயுத பூசையிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி ஏறிய சந்தனம், சின்ன வடை மாதிரிக் காய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன்மேல் குங்குமம். உள்பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் ஊசிக்கண் அளவு துளை. மேலிருந்து வெளிச்சம் வரவில்லை.

டேங்க் மூடிக்கு மூச்சுத் துளை உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆட்டோவில், பைக்கில் அடைத்த துளைகளை நானே குத்தி எடுத்திருக்கிறேன். ஆனால் பொட்டு வைத்த இடத்தை நான் பொட்டாகத்தான் பார்த்தேன். அதற்குக் கீழே ஒரு துளை இருக்கும் என்று எந்த மெக்கானிக் நினைப்பான்? வட்டமான சாமானைக் கண்டால் நட்டநடுவில்தானே பொட்டு வைப்போம்.

"இங்க வா," என்று மனைவியைக் கூப்பிட்டேன். "டின்பால் டின்னுக்கு ஏன் ரெண்டு ஓட்டை போடுற?"

"இது என்னாங்க கேள்வி? ஒரு ஓட்டை போட்டா பால் எறங்காதே. காத்துப் போக எடம் வேணாமா?"

மூடியை அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"எங் கையாலயா?" என்றாள் மெதுவாக.

மச்சான் எழுந்து வந்து மூடியை வாங்கிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "ஆயிரம் மைல் தாண்டி வந்த என்ஜின, என் தங்கச்சி ஒரு வெரலால நிப்பாட்டிட்டாளே!"

"நிப்பாட்டினா என்ன? அரைகொறையா மேல ஏறி விழுந்திருந்தா?" என்று அவள் விடவில்லை. "சாமி ஒங்களத் தரையிலேயே வச்சிருந்திருக்கு. அதுக்கு நன்றி சொல்லுங்க." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாலிக்கொடியில் கோத்திருந்த சேஃப்டி பின்னைக் கழற்றி, மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சிரு சாமி" என்று சந்தனத்தைக் குத்தினாள். அது ஒரே வில்லையாகப் பெயர்ந்து வந்தது. துளைக்குள் இருந்ததையும் அவளே எடுத்தாள். மூடியை வெயிலில் பிடித்தாள். அவள் கன்னத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தது.

கிளப்பினோம். பாதிக் கோப்பை கடந்தது. முழுக் கோப்பை கடந்தது. கேத்திலில் இருந்த தேத்தண்ணி முழுவதையும் குடித்து முடித்தோம். என்ஜின் ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்தது. மச்சான் துள்ளினார். எனக்குப் போதவில்லை. அணைக்கச் சொல்லி, துளைமேல் டேப் ஒட்டி மறுபடி ஓட்டச் சொன்னேன். பாதிக் கோப்பையில் படுத்தது. டேப்பைப் பிய்த்தேன், ஓடியது. "மறுபடி ஓட்டுங்க மச்சான்," என்றேன். குடிக்கத் தேத்தண்ணி இல்லை. மனைவி வெறும் கோப்பையைக் கையில் கொடுத்தாள்.

அதிகாரி வந்த அன்று வெயில் அடித்தது. சிங்களக்காரர், நிதானமான மனிதர். கம்பி கம்பியாக, போல்ட் போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். என்ஜின் ஓடி முடிந்ததும், என்ன பிழை வந்தது, எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்டார். பஜார் சிங்களத்தில் சந்தனக் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே, இதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தன் மனைவி காரின் கியருக்கு, விகாரையில் ஓதித் தரும் பிரித் நூலைக் கட்டிக் கட்டி, ஒருநாள் கியரே விழவில்லை என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னார்: ஒரு மூச்சுத் துளையை மட்டும் நம்பக்கூடாது, டேங்கின் மேலே தனியாக ஒரு வளைந்த குழாய் வையுங்கள், வைத்துப் படம் அனுப்பினால்தான் அனுமதி. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னைப்போல இன்னொருத்தர்.

குழாய் வைத்தோம். அனுமதி வந்தது, புல்வெளியின் நீளத்துக்குள் மட்டும், தாழ்வாகப் பறக்க. அந்த ஞாயிற்றுக்கிழமை மலைச்சரிவெல்லாம் ஆட்கள். மச்சான் தொப்பி போட்டு, பெல்ட் கட்டி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சொல்லுக்கு முன் இன்னொரு சுற்று வந்தேன். துளையைப் பார்த்தேன். குழாயை ஊதினேன். ஹோஸைத் தொட்டேன். பெட்ரோலைப் பார்த்தேன். மறுபடி துளையைப் பார்த்தேன்.

"மாப்ள, எனக்கு வயசாகுது," என்றார் மச்சான் உள்ளேயிருந்து.

"சரி," என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

மனைவி தட்டோடு முன்னால் வந்தாள். விரலில் சந்தனம் எடுத்தவள், விமானத்தை மேலும் கீழும் பார்த்துத் தயங்கினாள். என் பக்கம் திரும்பினாள். "எங்கங்க வைக்கட்டும்?"

நானும் பார்த்தேன். எந்த இடத்தைப் பார்த்தாலும் எனக்கு ஒரு துளை தெரிந்தது. "ஒங்கண்ணன் நெத்தியில வை," என்றேன்.

வைத்தாள். தட்டில் மிச்சம் இருந்ததை என் நெற்றியிலும் பூசினாள்.

விமானம் புல்லில் ஓடியது, துள்ளியது, பிறகு துள்ளல் நின்றது. சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மலை முழுக்க ஒரே கூச்சல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, கேட்டால் போதும். ஒரே குரல், விக்கல் இல்லை. என் கையில் மனைவியின் கை இறுகிக்கொண்டே போனது. "பாருங்க! ஐயோ, கண்ணத் தொறந்து பாருங்க!" என்று அவள் என்னை உலுக்கினாள். திறந்தேன். டர்பன்டைன் மரங்களுக்குக் கொஞ்சம் கீழாக, வெயிலில் சிவப்புத் துணி இறக்கை போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு மனிதர் சத்தம்போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

புல்வெளியின் மறுமுனையில் இறங்கி, திரும்பி, எங்களிடம் உருண்டு வந்து நின்றார். எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். நானும் ஓடினேன். அவரைத் தாண்டி, ஆசனத்துக்குப் பின்னால் ஏறி, மூடியைத் திருகினேன். சத்தம் எதுவும் வரவில்லை. உள்ளே குனிந்து பார்த்தேன்.

ஆட்களின் தோள்மேல் இருந்தபடி மச்சான் திரும்பிக் கத்தினார். "மாப்ள! இருக்கா?"

"இருக்கு மச்சான்," என்றேன். "நெறைய இருக்கு."